செல்லாத பேச்சு

மாரிச்செல்வி மதினி ஒரு மணி நேரம் பேசியதில் ஒரே ஒரு வாக்கியத்தின் கீழேதான் பச்சைக்கோடு விழுந்தது. "இந்தக் கருவாட்டுக்கு உப்பு போட்டவன் கையைக் கொண்டுபோய் அடுப்புல வைக்க." மற்றதெல்லாம் சிவப்பு.

அனுசுயாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், ஊறுகாய்ப் பாட்டிலில் சாய்த்து நிறுத்தியிருந்த கையகலத் திரையில், மதினி பேசப் பேச எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் அடியில் ஒரு கோடு விழும். சிவப்பு விழுந்தால், அது எங்கிருந்து வந்த பேச்சு என்பதும் சின்ன எழுத்தில் வந்து நிற்கும்.

"குடும்பம்னா நாலும் இருக்கும், நாமதான் விட்டுக்கொடுத்துப் போகணும்" என்றாள் மதினி. சிவப்பு. ராத்திரித் தொடர் ஒன்றில் மூத்த மருமகள் சொன்னது.

"இப்பம் வர்ற காய்கறி பூராம் விஷம்." சிவப்பு. காலை நேர மருத்துவ நிகழ்ச்சி.

"பொம்பளப் பிள்ளைக்குப் படிப்புதான் நகை." சிவப்பு. நகைக்கடை விளம்பரம்.

மதினி திரையை முறைத்தாள். "என்னட்டி இது சவம், டீச்சர் பேப்பர் திருத்துத மாதிரி கோடு கோடா இழுக்கு? நான் தப்பாவா பேசுதேன்?"

"தப்பில்ல மதினி. நீங்க சொன்னதை உங்களுக்கு முன்னாடி யார் சொன்னாங்கன்னு தேடும். டிவி, சினிமா, போன்ல வர்ற வீடியோ எல்லாம் இதுக்குள்ள இருக்கு. நீங்க எதை எதைப் பாத்திருக்கீங்கன்னு உங்க போனைக் கேட்டுத் தெரிஞ்சுக்கும். அங்க கேட்டு இங்க சொன்னா சிவப்பு. எங்கயும் வராத, உங்க மனசுல இருந்தே வந்த பேச்சுன்னா பச்சை."

"அப்போ என் மனசுல இருக்கது கருவாடு மட்டும்தானா?"

சமையலறையிலிருந்து குமரேசன் எட்டிப் பார்த்தான். மதினிக்குத் தம்பி, அனுசுயாவுக்குக் கணவன். டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். "யக்கா, இனிமே நீ வாயத் தொறந்தா சீரியல்காரன் வந்து காசு கேப்பான், பாத்துக்கோ."

"நீ வாலே இங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இவகிட்ட என்னமோ சொன்னியாம்லா, அதை இதுக்கு முன்னால சொல்லு."

குமரேசன் முதலில் மறுத்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்து வெட்கத்தோடு சொன்னான். "உன்னைத் தவிர எனக்கு வேற ஊரே கிடையாது."

சிவப்பு. அவர்கள் கல்யாணம் நடந்த வருடம் வெளிவந்த ஒரு படம், இடைவேளைக்கு முந்தின காட்சி.

மதினி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அனுசுயாவும் சிரித்தாள். ஆனால் குமரேசனின் காது சிவந்திருந்ததைக் கவனித்தாள். அன்று இரவு அவன் வழக்கத்தைவிடக் குறைவாகவே பேசினான்.

அனுசுயா பல்கலைக்கழகத்தில் இதழியல் துறையில் வேலை பார்த்தாள். ஊடகம் மனிதர்களை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. பல வருடங்கள் கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைந்திருக்கிறாள். டிவியில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டால், உள்ளே தொடர் அலறிக்கொண்டிருக்கும்போதே, "நியூஸ் மட்டும்தான்" என்பார்கள். விளம்பரம் பார்த்து எதுவும் வாங்குவதுண்டா என்றால், "நாங்க அதையெல்லாம் நம்ப மாட்டோம்" என்பார்கள். அந்த வீட்டுச் சோப்பிலிருந்து சாம்பார்ப் பொடி வரை எல்லாம் விளம்பரத்தில் வந்ததாக இருக்கும். கேள்வி கேட்டால் தெரியாது, அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. கணினித் துறை நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து செய்ததுதான் இந்தக் கருவி. 'ஊற்று' என்று பெயர் வைத்தார்கள்.

ஊற்று பேர் வாங்கியது. பல்கலைக்கழகம் அதை அரசுக்குக் கொடுத்தது. அனுசுயாவின் ஆய்வறிக்கையில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'ஊடகத்தின் வழி வந்த கருத்தை மக்களின் சொந்தக் கருத்தாகக் கொள்ள இயலாது.' டிவி விவாதங்களில் நடக்கும் வாக்கெடுப்புகளை மனதில் வைத்து எழுதிய வரி. அதை யாரோ ஒருவர் எடுத்து, ஒரு அரசாணையின் நடுவில் வைத்தார். இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஊற்று இருக்கும். சிவப்பு விழுந்த கருத்து பதிவில் சேராது.

அனுசுயா அந்த ஆணையைப் பெருமையோடுதான் படித்தாள். அது எங்கே போய் நிற்கும் என்பது மதினியின் போன் வந்தபோதுதான் தெரிந்தது.

"ஏட்டி அனுசுயா, ஒன் மிஷின் எங்க ஊருக்கு வந்துட்டுப் போச்சு."

மதினி வாழ்க்கைப்பட்ட ஊர் செங்கட்டான்குளம். குளத்தின் பேர்தான் ஊருக்கும். அந்தக் குளத்தை ஒட்டி ஒரு கம்பெனி தரவு மையம் கட்டப் போகிறது. ஊர்க்காரர்கள் அதைக் கம்ப்யூட்டர் கொட்டகை என்றார்கள். உலகம் முழுக்க எடுக்கிற வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் கொட்டகை. இரவும் பகலும் சூடாகிக்கொண்டே இருக்கும். குளிர வைக்கக் குளத்துத் தண்ணீர் வேண்டும். பாதிக் குளத்தைத் தூர்த்துக் கட்டடமும் வேண்டும். அதற்குத்தான் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

"கூட்டத்துல பேசுனீங்களா மதினி?"

"பேசாம? ஒரு வாரமா ரேஷன் கடை முன்னால உக்காந்து பழகினோம்லா. திருநவேலிப் பையங்க ஒரு சேனல்ல நம்ம குளத்தைப் பத்தி நல்லாப் பேசியிருந்தானுவ. 'நீர் எங்கள் வாழ்வுரிமை, அதை வணிகப் பண்டமாக்க ஒருபோதும் இசையோம்'னு. அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டோம். எனக்கு 'இசையோம்' மட்டும் வாயில வரல, இருந்தாலும் சொல்லிட்டேன்."

அனுசுயா கண்ணை மூடிக்கொண்டாள். "ஏன் மதினி அதை மனப்பாடம் பண்ணீங்க? நீங்க பேசுற மாதிரியே பேசியிருக்கலாமே."

"என்னட்டி பேசுத நீ? கலெக்டர் ஆபீஸ்ல இருந்து மனுசங்க வந்திருக்காவ. கல்யாணத்துக்குப் போகையில அடுப்படிச் சேலையோடயா போவோம்? நல்ல வார்த்தையா நாலு உடுத்திட்டுப் போனோம். பூராம் சிவப்பு. செல்லாதுன்னுட்டாவ."

"ஒண்ணுகூடப் பச்சை இல்லையா?"

"எங்க சின்ன மாமனார் ஒருத்தருக்குத்தான் பச்சை. காப்பி எப்பம் தருவீங்கன்னு கேட்டாவ."

ஆகவே அரசுப் பதிவின்படி, செங்கட்டான்குளத்து மக்களின் சொந்தக் கருத்து காப்பி. கம்பெனி சார்பில் பேசிய இளைஞனுக்கு ஒரு வாக்கியம் விடாமல் பச்சை. அது எப்படி என்று அனுசுயாவுக்குக் கேட்காமலே புரிந்தது. அதுவரை உலகத்தில் யாரும் சொல்லியிராத வாக்கியமாகப் பார்த்து எழுதிக் கொடுக்க ஒரு மென்பொருள் இருந்தால் போதும். அப்படி ஒன்று எல்லோரிடமும் இருந்தது; செங்கட்டான்குளத்தில் இல்லை.

மாவட்ட வருவாய் அலுவலர் ஜெபராஜைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "உங்க மென்பொருள், நீங்க எழுதின வரி. நான் என்ன செய்ய முடியும் மேடம்? இன்னொரு அமர்வு வேணா போடறேன். இந்த முறை சொந்தமா பேசச் சொல்லுங்க" என்றார்.

சொந்தமாகப் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுசுயா ஊற்றை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனாள். முன்னறையில் பத்துப் பதினைந்து பெண்கள். கூட்டத்தில் எப்படி வைப்பார்களோ அப்படியே கருவியை அமைத்தாள்.

முதலில் பேசியவள் பேச்சியம்மாள். "குளம் போச்சுன்னா எங்க வாழை நிக்காது, பிள்ளை படிப்பும் நிக்காது." பச்சை. எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்து சரோஜா. "எனக்கும் அதான். எங்க வாழையும் நிக்காது." சிவப்பு.

சரோஜா எழுந்து நின்றுவிட்டாள். "இது என்ன ஞாயம்? அவ சொன்னா பச்சை, நான் சொன்னா சிவப்பா? அவ வாழை மட்டும் என்ன தங்கத்துலயா காய்க்கு?"

அனுசுயா திரையைப் பார்த்தாள். சிவப்புக்குக் கீழே 'மூலம்: பேச்சியம்மாள்' என்று இருந்தது. இது நடக்கும் என்று அவளே யோசித்திருக்கவில்லை.

"கூட்டத்தை நேரலையில காட்டுறாங்கல்லா" என்று மெதுவாக விளக்கினாள். "ஒருத்தங்க பேசினதும் அது ஊடகத்துல வந்த பேச்சா ஆயிருது. நீங்க அதைக் கேட்டுட்டுச் சொல்றீங்கன்னு எடுத்துக்கும்."

"அப்போ அவ சொன்னதுக்கு நான் ஆமாஞ்சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். செல்லாது."

சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அனுசுயாவுக்கு ஒரு யோசனை வந்தது. "ஒண்ணு செய்வோம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லவேண்டாம். ஆளுக்கு ஒரு காரணம். யாருக்கு எது உண்மையோ அதுல ஒண்ணை எடுத்துக்கோங்க."

அதற்குப் பிறகு அந்த வீடு பந்திக்குப் பலகாரம் பங்கு வைக்கிற வீடாகிவிட்டது.

"வாத்து எனக்கு."

"வாத்து நான்தான் வளக்கேன், ஒனக்கு எப்படி வரும்? நீ துவைக்கிற கல்லை எடு."

"கல்லு வேண்டாம். துவைக்கிறதை என் நாத்தனா முதல்லயே எடுத்துட்டா. எனக்கு எருமையைக் குடுங்க."

"எருமைக்கு ஏற்கனவே ரெண்டு பேரு நிக்காவ."

மதினிக்கு எது என்று வந்தபோது அவள் நெடுநேரம் யோசித்தாள். கடைசியில், "எம் புருசன் செத்த அன்னைக்கு அந்தக் கரையிலதான் போயி உக்காந்தேன்" என்றாள். பச்சை விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. பேச்சியம்மாள் மட்டும், "அது மாரிச்செல்விக்கே இருக்கட்டும்" என்றாள்.

இரண்டாவது அமர்வில் ஊரே வந்து பேசியது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவில்லை. கோரைப்புல், கெளுத்தி மீன், கிணற்றில் ஊறும் தண்ணீர், நீச்சல் பழகிய படித்துறை, ஆடி மாதத்துக் காற்று. வரிசையாகப் பச்சை. கருவியை இயக்கிய பையனே வியந்துபோய் அடிக்கடி திரும்பிப் பார்த்தான். கூட்டம் முடிந்ததும் மதினி அனுசுயாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கெளுத்திக் குழம்பை ஒரு தூக்குவாளி நிறைய ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். கார் முழுக்கப் புளியும் மீனும் மணத்தது. வழி நெடுக குமரேசன் விசிலடித்துக்கொண்டே வந்தான்.

அறிக்கையின் வரைவு அனுசுயாவின் பார்வைக்கு வந்தது. கருவிக்குப் பொறுப்பான நிபுணர் என்ற முறையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். பல்கலைக்கழக மரத்தடியில் நின்றபடியே படித்தாள்.

'பெறப்பட்ட கருத்துகள் அனைத்தும் சொந்தக் கருத்துகளே. எனினும் அவற்றுள் எந்த இரண்டும் ஒன்றுபடவில்லை. இவை தனிநபர் தேவைகளாகும். திட்டத்துக்கு எதிராகப் பொதுக்கருத்து என்று எதுவும் இவ்வூரில் இல்லை. தேவைகளைத் தனித்தனியே நிறைவு செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.' தொடர்ந்து பரிந்துரைகள். எருமைகளுக்கு சிமென்ட் தொட்டி. துவைப்பதற்குக் குழாய். நீச்சலுக்கு அருகிலுள்ள நகரின் நீச்சல்குளத்தில் கட்டணச் சலுகை. மதினியின் பேச்சுக்கு நேரே ஒரு வரி: 'நினைவிடமாக ஒரு சிமென்ட் இருக்கை.'

மதினியிடம் அவளே சொல்ல வேண்டும் என்று அன்று மாலையே போன் செய்தாள். முழுதும் படித்துக் காட்டினாள்.

"அவ்வளவுதான் மதினி, இதுல இருக்கது."

"நீ சொன்னபடிதான பேசினோம்?" மதினியின் குரலில் கோபம்கூட இல்லை. "நல்ல வார்த்தையாப் பேசினா அடுத்தவன் பேச்சு, செல்லாதுன்னாவ. ஒண்ணுபோலச் சொன்னாலும் செல்லாதுன்ன. ஆளுக்கொண்ணாச் சொன்னோம், இப்பம் நாங்க ஒண்ணா இல்லையாம். அப்போ நாங்க எப்படித்தாம்ட்டி பேச?"

அனுசுயா கையிலிருந்த வரைவை மடித்து வைத்தாள்.

"எம் புருசன் செத்ததைச் சொன்னேன்ட்டி நான். அதை ஊரு முன்னால அதுவரைக்கும் சொன்னதே கிடையாது. பெஞ்சு போடுதாவளாமே, பெஞ்சு."

போன் அணைந்தது. மறுநாள் எடுக்கவில்லை, அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. குமரேசன் கடையிலிருந்து கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

"அக்காவுக்கு உன் மேல கோபம் இல்ல" என்றான் அவன், சாப்பிட்ட தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டே. "கோபம்னா இந்நேரம் பஸ் ஏறி வந்து திட்டிருப்பா. மனசு விட்டுப்போச்சு."

அனுசுயா அவனைப் பார்த்தாள். கடைசியாக அவன் தன்னிடம் ஏதாவது ஆசையாகச் சொன்னது எப்போது என்று யோசித்தாள். அந்த ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பிறகு சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து நிறுத்துவதை மட்டும் இரண்டொரு தடவை கவனித்திருந்தாள்.

"ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் படத்து வசனத்தை என்கிட்ட சொன்னீங்களே. சொல்லும்போது படத்துல வந்ததுன்னு தெரியுமா?"

"தெரியாம? மூணு தடவை பாத்தேனே அந்தப் படத்தை."

"பிறகு ஏன் சொன்னீங்க?"

"நல்லா இருந்துச்சு. எனக்கு அவ்வளவு நல்லாச் சொல்ல வராது. அதனால பொய்யாயிருமா?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரைவை ஊரார் முன் படித்துக் காட்டிவிட்டுத்தான் அறிக்கையை அனுப்ப வேண்டும் என்பது விதி. அதே கல்யாண மண்டபம். மேடையில் மணமக்கள் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு நீள மேசை போட்டிருந்தார்கள். பின்னால் முந்தின நாள் கல்யாணத்து ஜிகினா எழுத்தில் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெபராஜுக்கு இடப்பக்கம் அனுசுயா. வலப்பக்கம் கம்பெனி இளைஞன். தண்ணீர்ப் பாட்டிலின் ஒட்டுத்தாளை உரித்துக்கொண்டிருந்தான்.

ஜெபராஜ் ஒரு தாளை அனுசுயா பக்கம் நகர்த்தினார். "கடைசியில இதுல கையெழுத்து மேடம். 'இப்பொருள் குறித்து எந்தச் செல்வாக்குக்கும் ஆட்படாத நிபுணர்'னு இருக்கும். நீங்க இந்த ஊருக்கு உறவுன்னு தெரியும். இந்த மாவட்டத்துல யாருக்கு யார் உறவில்லை? கருவி உங்களைச் சிவப்புன்னு சொல்லாத வரைக்கும் சிக்கலில்லை."

மதினி மூன்றாவது வரிசையில் இருந்தாள். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. அடுப்படிச் சேலைதான் கட்டியிருந்தாள்.

வரைவைப் படித்து முடித்தார்கள். சிமென்ட் இருக்கை என்று வந்த இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்து, சட்டென்று அடங்கினார்கள். யாருக்காவது ஏதாவது சொல்ல உண்டா என்று ஜெபராஜ் கேட்டார்.

மதினி எழுந்தாள். மைக்கை நீட்டிய பெண்காவலரிடம் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பிறகு மனம் மாறி வாங்கிக்கொண்டாள்.

"அந்தக் குளம் எங்களுக்கு வேணும். எதுக்குன்னு எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை உண்டு. ஆனா வேணும்."

பச்சை.

அவள் உட்காரும்போதே பக்கத்து நாற்காலியிலிருந்து பேச்சியம்மாள் எழுந்தாள். "மாரிச்செல்வி சொன்னதுதான் எனக்கும்."

சிவப்பு. "செல்லாதும்மா" என்றான் கருவியை இயக்கிய பையன், வருத்தத்தோடு.

"செல்லாட்டிப் போவுது" என்றாள் பேச்சியம்மாள். அடுத்து சரோஜா. "எனக்கும் அதேதான்." சிவப்பு. அவளுக்குப் பின்னால் இருந்தவர். அவருக்கும் பின்னால் இருந்தவர். எழுந்து, சொல்லி, உட்கார்ந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. காப்பி கேட்ட சின்ன மாமனாரும் எழுந்தார். எல்லாம் சிவப்பு. கம்பெனி இளைஞன் பாட்டிலை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஜெபராஜ் மைக்கைப் பிடித்தார். "அம்மா, அய்யா, கொஞ்சம் கேளுங்க. இப்படிச் சொன்னா எதையும் பதிய முடியாது. ஒருத்தரோட செல்வாக்குல எல்லாரும் பேசுறதா ஆகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அனுசுயா தன் முன்னால் கிடந்த தாளைப் பார்த்தாள். ஊடகம் மனிதர்களை என்ன செய்கிறது என்று இத்தனை வருடம் கேட்டவள், ஒரு மனுஷி இன்னொரு மனுஷியை என்ன செய்கிறாள் என்று கேட்டதில்லை. ஊற்றுக்கு இரண்டும் ஒரே சிவப்பு. எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியும். யார் அதன் பின்னால் நிற்கிறார்கள் என்பது தெரியாது. அதைக் கேட்க அவள் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் மேசை மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்க மதினி சொன்னதுதான் எனக்கும்."

மேடைத் திரையில் அவளுடைய வாக்கியம் ஓடி நின்றது. அடியில் சிவப்புக்கோடு. அதற்கும் கீழே சின்ன எழுத்து.

ஜெபராஜ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "என்ன செஞ்சீங்க மேடம்? இப்போ உங்க கையெழுத்தே செல்லாது. அது இல்லாம இந்த அறிக்கை போகாது."

"தெரியும் சார்."

"மறுபடியும் முதல்ல இருந்து கூட்டம் போடணும். வேற நிபுணர் தேடணும். செய்தவங்களையே சிவப்புன்னு சொன்ன கருவியைச் சான்று பண்ண யார் வருவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க. கருவி இல்லாம போடுங்க. முன்னாடி எப்படிப் போட்டீங்களோ அப்படி. கை தூக்கச் சொல்லி எண்ணுங்க."

"உங்க வேலை?"

"பல்கலைக்கழகத்துல கேப்பாங்க. பதில் சொல்லிக்கிறேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்தது எரிச்சலா நிம்மதியா என்று சொல்லத் தெரியவில்லை.

கீழே மதினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி சரோஜா, என்ன போட்டிருக்கு அதுல? எம் பேரு மாதிரித் தெரியுது."

சரோஜா எழுத்துக் கூட்டி வாசித்தாள். "மூலம்: மாரிச்செல்வி, செங்கட்டான்குளம். வகை..." அவள் நிறுத்தினாள். "வகை: வெகுஜன ஊடகம்."

"அப்படின்னா?"

"டிவி, பேப்பர் அந்த மாதிரிம்மா" என்றான் பையன். "ஒருத்தர் சொன்னதை ஒரே நாள்ல இத்தனை பேர் சொன்னா, கருவி தானா அந்த வகையில சேத்துரும்."

"நான் சேனலா?"

முதலில் சிரித்தது சின்ன மாமனார். பிறகு மண்டபமே சிரித்தது. பெண்காவலர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். "விளம்பரம் போடாத சேனல்லா" என்று ஒரு குரல். "இந்தச் சேனலை அணைக்கப் பொத்தானே கிடையாது, அவ வீட்டுக்காரர் இருந்திருந்தா சொல்லுவாரு" என்று இன்னொரு குரல். மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சிரிப்பையா அழுகையையா என்று மேடையிலிருந்து தெரியவில்லை.

அனுசுயா மேடையை விட்டு இறங்கினாள். மூன்றாவது வரிசைக்குப் போய் நின்றாள். மதினி நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அனுசுயா உட்கார்ந்தாள்.

"நீ சொன்னதும் செல்லாதாம்லா" என்றாள் மதினி, எதிரே பார்த்தபடி.

"செல்லாதுதான் மதினி."

கைமாறிக் கைமாறித் தன்னிடமே திரும்பி வந்திருந்த மைக்கை மதினி அவளிடம் நீட்டினாள்.

"அப்போ இன்னொரு மட்டம் சத்தமாச் சொல்லு. கடைசி வரிசையில இருக்கவளுக்குக் கேக்கலையாம்."